கடைல மூணு கம்ப்யூட்டர், நாஸ் வாங்கலாமா?

சாட்ஸ்வொர்த்_கேமரா:
வணக்கம், டர்பன்ல சின்னதா கல்யாண போட்டோ வீடியோ கடை வச்சிருக்கோம். ஒரே யூஎஸ்பி டிஸ்க்கை மூணு கம்ப்யூட்டர்லயும் மாத்தி மாத்தி மாட்டிட்டிருந்தோம், போன வாரம் தம்பி எஜெக்ட் பண்ணாமலே புடுங்கிட்டான், காவடி போட்டோ போல்டர் ஒண்ணு திறக்கவே மாட்டேங்குது. ஒருத்தர் நாஸ்ங்கிறார், இன்னொருத்தர் சான்ங்கிறார், ரெண்டும் ஒண்ணா? ரெய்டு போட்டா பேக்கப் வேண்டாம்ல?

கேபிள்காரன்:
ரெண்டும் நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ்தான், ஆனா ஒண்ணு இல்லண்ணே. சான் பெரிய ஆபீஸுக்கு. அதுல கம்ப்யூட்டருக்கு வெறும் டிஸ்க்கா தெரியும், பார்மேட் போடறதுலேருந்து எல்லாம் அந்த கம்ப்யூட்டர் தலைல, சாதாரணமா ரெண்டு மெஷின் ஒரே நேரத்துல எழுதினா பைல் பூரா கந்தல். நாஸ் தானே ஒரு குட்டி கம்ப்யூட்டர், டிஸ்க்கை அது பார்த்துக்கும், நீங்க பைலைக் கேட்டா எடுத்துக் குடுக்கும், விண்டோஸ்ல சாதாரண ஷேர் போல்டர் மாதிரிதான். ஆனா கம்ப்யூட்டருங்களை கேபிள்ல இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சைப் பாருங்க. அது 100 மெகாபிட்னா நொடிக்கு 12 மெகாபைட் பக்கம்தான் வரும், ஜிகாபிட்னா 110 மெகாபைட் பக்கம் வரும். நாங்க ஒரு மாசம் நாஸைத் திட்டினோம், குத்தம் பழைய ஸ்விட்ச்ல.

பீனிக்ஸ்_அக்கா:
தம்பி, ரெய்டு பேக்கப்பே இல்ல! ரெய்டு 1னா ஒரே பைலை ரெண்டு டிஸ்க்லயும் எழுதறது, 4 டிபி டிஸ்க் ரெண்டு போட்டா 4 டிபிதான் கிடைக்கும், ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும், அவ்ளோதான். நீங்க தெரியாம டெலீட் பண்ணா ரெண்டுலயும் சேர்ந்தே போயிடும். நாஸ் பெட்டியே போனா? 2021 ஜூலைல நம்ம ஊர்க் கடைங்கள சூறையாடினது, 2022 ஏப்ரல் வெள்ளம், மறந்துட்டீங்களா? வாராவாரம் தனி டிஸ்க்ல காப்பி எடுத்து மாமியார் வீட்ல வைங்க, நாஸ்லயே மாட்டி விட்டுடாதீங்க, வைரஸ் வந்து பைலைப் பூட்டுனா அதையும் சேர்த்துதான் பூட்டும். வீட்லேருந்து பார்க்கணும்னு ராவுட்டர்ல போர்ட் (வெளி நெட்லேருந்து உள்ள வர்ற கதவு) திறக்கவும் வேண்டாம், 2022 ஜனவரில டெட்போல்ட்னு ஒரு வைரஸ் அப்படி நேரா நெட்ல கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிங்களப் பூட்டி பிட்காயின் கேட்டுச்சு. அதுக்குப் பதிலா விபிஎன் போடுங்க, வெளியேருந்து உங்களுக்கு மட்டும் பூட்டின தனி வழி மாதிரி.
அப்புறம் யூபிஎஸ். லோட் ஷெட்டிங் காலத்துல வாங்கினது இருக்கும்ல, அதோட யூஎஸ்பி வயரை நாஸ்ல சொருகுங்க, அப்பதான் பேட்டரி தீர்றதுக்குள்ள நாஸ் தானா ஷட்டவுன் ஆகும்.

சாட்ஸ்வொர்த்_கேமரா:
அக்கா, அந்த வயர் இன்னும் டப்பாக்குள்ளயேதான் இருக்கு 😅 ஸ்விட்ச் 100ஆன்னு எப்படிப் பார்க்கிறது?

கேபிள்காரன்:
விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ல லிங்க் ஸ்பீடு பாருங்கண்ணே. 100னு காட்டினா உடனே ஸ்விட்ச்சைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கேபிளை மாத்திப் பாருங்க, உள்ள எட்டு கம்பில ஒண்ணு அறுந்தாலும் 100க்கு இறங்கிடலாம்.