கறிவேப்பிலைக்கு அடுத்த தொட்டி எது?

கேள்வி:
மதுரையில், மொட்டை மாடியில் 6 அங்குலத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கிறது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரேயடியாக அதற்கு மாற்றிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள், சகோதரி. நானும் அப்படித்தான் ஒரு செடியைக் கொன்றேன். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி எல்லாம் அழுகிவிட்டது. பிடுங்கினால் சாக்கடை நாற்றம்! 8 அல்லது 9 அங்குலம் போதும்.

பதில் 2:
மண்தொட்டி நல்லது. ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் இருவேளை ஊற்றவேண்டும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர் என்றால் பிளாஸ்டிக்கே மேல்.

கேட்டவர்:
9 அங்குல மண்தொட்டி வாங்கிவிட்டேன், அண்ணா. தட்டி எடுத்தபோது வேர் பழைய தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டிருந்தது. விரலால் பிரித்துவிட்டு நட்டேன். வாளியில் மாமியார் துளை போட்டு வெண்டை விதைத்துவிட்டார்.