கிணற்றில் அலுக்காதவருக்கு ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டருக்கே மூச்சு முட்டுவது ஏன்?

கிணற்றுத்தவளை:
தலையைத் தூக்கி அடிக்கும் கிணற்று நீச்சல் அரை மணி நேரம் தாங்குகிறது. 25 மீட்டர் குளத்தில் முகத்தை முக்கி ஃப்ரீஸ்டைல் போட்டால், மறுகரை போவதற்குள் மூச்சு முட்டி, காலும் தாழ்ந்துவிடுகிறது. ட்ரெட்மில்லில் ஓடி ஸ்டாமினா ஏற்றினால் சரியாகுமா?

பட்டாம்பூச்சி:
அரை மணி நேரம் தாங்குகிறவருக்கு ஸ்டாமினா ஏன் குறையப்போகிறது? கோளாறு மூச்சிலா, காலிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே புல் பாய் (pull buoy, காலை மிதக்கவைக்கும் நுரைக்கட்டை) வைத்து, கால் அடிக்காமல் ஒரு 25 மீட்டர். மூச்சு சீரானால் கோளாறு காலில். அப்போதும் முட்டினால், நீங்கள் தண்ணீருக்குள் மூச்சை விடுவதில்லை.

பெரும்பாலும் முட்டவைப்பது காற்றுப் பற்றாக்குறை அல்ல, வெளியேறாமல் தங்கும் கார்பன் டை ஆக்சைடு. உள்ளே அடக்கிவைத்து, வாய் வெளியே வந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் பார்த்தால் இரண்டும் அரைகுறைதான். முகம் முங்கியதுமே மூக்கால் குமிழி விட ஆரம்பியுங்கள். திரும்புமுன் மிச்சத்தை வாயால் ஊதித் தள்ளுங்கள். மேலே வந்தால் இழுப்பது மட்டுமே வேலை.

ஈரத்துண்டு:
கிணற்றில் பழகியவர்கள் மூச்செடுக்கத் தலையை முன்பக்கம் தூக்குவார்கள். நுரையீரல் மிதக்கும், கால் கனக்கும். தலை ஏறினால் இடுப்பு இறங்கத்தான் செய்யும். உடம்போடு சேர்த்துத் தலையை உருட்டுங்கள், காகில்ஸில் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். மற்ற நேரம் பார்வை தரையிலுள்ள கறுப்புக் கோட்டில்.

சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடக்கி அடித்தால் தொடை மூச்சைத் தின்னும், ஆள் நகரமாட்டார். இடுப்பிலிருந்து அடியுங்கள், பாதம் தளர்ந்து நீண்டிருக்கட்டும். ட்ரெட்மில் இதற்கு உதவாது. கணுக்கால் இறுகிய ஓட்டக்காரர்கள் சிலர் கிக்போர்டோடு (கையில் பிடித்துக் காலை மட்டும் அடிக்கும் மிதவைப் பலகை) பின்னால் போவதே உண்டு!

கிணற்றுத்தவளை:
புல் பாய் வைத்தும் முட்டுகிறது. எவ்வளவு பயிற்சி செய்யலாம்?

பட்டாம்பூச்சி:
அப்படியானால் குமிழிதான். சுவரைப் பிடித்தபடி முங்கி, முழுக்க ஊதி, எழுந்து இழுப்பது 10 தடவை. பிறகு 8 × 25, அதாவது 25 மீட்டர் எட்டுத் தடவை, நடுவில் 30 நொடி ஓய்வு. வேகம் வேண்டாம். இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு. மூன்றுக்கு ஒன்று என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எட்டாவதும் முதலாவதைப் போலவே வந்தால் 4 × 50க்குப் போகலாம்.

மூச்சைப் பழக்குகிறேன் என்று வேகவேகமாக இழுத்துவிட்டு நீருக்கடியில் போகாதீர்கள். அது கார்பன் டை ஆக்சைடை முன்பே குறைத்துவிடும். முட்டுகிற எச்சரிக்கை வராமலே உள்ளே மயங்கிவிடுவீர்கள்.