வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த விதை: இது நிரூபணமா?

விதைக்காரன்:
நடுவதற்கு முன் விதையை வெதுவெதுப்பான நீரில் 6 மணி நேரம் ஊறவைத்தால் முளைப்பு கூடும் என்று பலர் சொல்கிறார்கள். சும்மா நம்பாமல் செய்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரே பாக்கெட்டில் இருந்த அவரை விதை. ஒரு தட்டில் ஊறவைத்த 20, இன்னொரு தட்டில் அப்படியே நட்ட 20. ஏழாம் நாள் எண்ணினேன். ஊறவைத்ததில் 17 முளைத்திருந்தன, மற்றதில் 12. ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. இதை நிரூபணம் என்றுதான் சொல்வேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
உழைப்புக்கு வணக்கம், முடிவுக்கு மறுப்பு. நீங்கள் சோதித்தது வெதுவெதுப்பையா, ஊறலையா? மற்ற 20 விதையையும் சாதாரண நீரில் அதே 6 மணி நேரம் ஊறவைத்திருந்தால்தான் வெதுவெதுப்பின் பங்கு தெரியும். இப்போது இரண்டு குழுக்களுக்கும் நடுவே இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன. எது வேலை செய்தது என்று உங்கள் எண்களால் சொல்ல முடியாது.

அப்புறம், வெறும் தற்செயலால் இப்படி வருமா என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 40 விதையில் 29 முளைத்திருக்கின்றன. ஊறலுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று வைத்துக்கொண்டு, இந்த 29 இரண்டு தட்டுகளிலும் குருட்டாம்போக்கில் விழட்டும். அப்போதும் உங்கள் தட்டில் 17 அல்லது அதற்கு மேல் வர 100க்கு ஏறக்குறைய 8 வாய்ப்பு உண்டு. அவ்வளவு அபூர்வம் இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. தட்டுகள் எங்கே இருந்தன? எந்த விதை எந்தத் தட்டுக்கு என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

விதைக்காரன்:
ஊறவைத்த தட்டு ஜன்னல் பக்கம், மற்றது அதற்குப் பின்னால். ஒரு முழம் இடைவெளி. அது பெரிய விஷயமா?

விதையைப் பொறுத்தவரை மறைக்க ஒன்றுமில்லை. 25 விதை ஊறப்போட்டேன். 5 மிதந்தன. மிதக்கும் விதை பொக்கு என்பது நடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதானே, எடுத்துப் போட்டுவிட்டு மீதி 20ஐ நட்டேன். மற்ற தட்டுக்கு பாக்கெட்டிலிருந்து நேராக 20.

கணக்குப்பிள்ளை:
அந்த ஐந்து விதையில்தான் எல்லாம் இருக்கிறது. ஊறவைத்த தட்டுக்குப் போன விதைகள் வடிகட்டப்பட்டவை. மற்ற தட்டில் பொக்கும் சேர்ந்தே போயிருக்கிறது. அதே பாக்கெட், அதே விகிதம் என்று வைத்தால் அந்த 20ல் 4 பொக்காக இருக்கலாம். 17க்கும் 12க்கும் உள்ள வித்தியாசமே 5தான். நீங்கள் ஏமாற்றவில்லை, அது எனக்குத் தெரியும். நல்ல விவசாயி செய்வதையே செய்தீர்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டீர்கள்.

இதனால்தான் குலுக்கல் என்கிறேன். எந்த விதை எந்தப் பக்கம் என்பதை நம் கை தீர்மானிக்கக் கூடாது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துக்குப் போய், வயல் சோதனைகளை வைத்து வளர்த்த பாடம் இது. ஒரே வயலில் ஒரு மூலை ஈரம், ஒரு மூலை வளம். எந்த உரத்துக்கு எந்தப் பாத்தி என்று மனிதன் தேர்ந்தெடுத்தால் அவன் ஆசையும் சேர்ந்து முளைக்கும். குலுக்கல் இல்லாத ஒப்பீட்டை நான் சோதனை என்றே சொல்ல மாட்டேன்.

வான்நோக்கி:
கடைசி வரிக்கு மட்டும் என் மறுப்பு. விதை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் குலுக்கல் இல்லையென்றால் அறிவியல் இல்லை என்ற தொனி தவறு.

1846இல் யுரேனஸின் பாதையில் தெரிந்த பிசகை வைத்து, இன்ன இடத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டார். பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அவர் சொன்ன இடத்துக்கு 1 பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. எங்கே கட்டுப்பாட்டுக் குழு? எந்தக் கோளைக் குலுக்கினார்கள்? தப்பாகப் போக வாய்ப்புள்ள ஒரு கணிப்பை முன்கூட்டியே சொல்லி, பிறகு போய்ப் பார்ப்பதும் சோதனைதான்.

ஃபிஷரை எடுத்ததால் இதையும் சொல்கிறேன். 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டு, புகைப்பழக்கத்துக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். யாரையும் குலுக்கிப் புகைக்க வைக்க முடியாதே. அதை ஏற்க மறுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிஷர். புகைக்கத் தூண்டும் அதே மரபணு புற்றுநோயையும் தரலாமே என்றார். குலுக்கலின் தந்தையே அந்த இடத்தில் சறுக்கினார்.

கணக்குப்பிள்ளை:
ஃபிஷர் அங்கே தவறியது உண்மை, அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கிறது என்று கவனிப்பு ஆய்வுகள் (யாரையும் குலுக்கி ஒதுக்காமல், நடப்பதைப் பார்த்து மட்டும் எழுதுபவை) பல வருடம் சொல்லிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கி ஒதுக்கிய அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் மூன்றும் மாத்திரை எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்ததால் 2002இல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். முன்பு தாமாக மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில் பலர் வசதியும் உடல்நலமும் கூடியவர்கள். இங்கே மிதந்த 5 விதை அங்கே மனிதர்களாக இருந்தது, அவ்வளவுதான்.

இரவுப்பணி:
20 வருடம் செவிலியாக இருக்கிறேன். இதில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். அன்பால் செய்தது. பல குழந்தைகளின் பார்வை போனது. உலக அளவில் சுமார் 10,000 என்று கணக்கு. ஆக்சிஜன்தான் காரணமா என்று பார்க்க ஆரம்பகாலச் சோதனை ஒன்று நடந்தபோது, குறைவான ஆக்சிஜன் குழுவில் இருந்த குழந்தைகளுக்கு இரவில் செவிலிகள் குழாயைத் திறந்துவிட்டார்கள். பரிதாபம் தாங்காமல். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பிறகு 1953இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனைதான் விஷயத்தை உறுதிசெய்தது.

அதனால் கணக்குப்பிள்ளை சார் பக்கம்தான் நான். ஆனால் ஒன்று. அந்தச் சோதனையில் குழந்தைகளைச் சேர்த்ததே பிறந்து 48 மணி நேரம் ஆன பிறகு. முதல் இரண்டு நாளில் ஆக்சிஜனைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. முடிவு வந்ததும் எல்லா இடத்திலும் முதல் மணி நேரத்திலிருந்தே குறைத்தார்கள். பார்வை தப்பியது, ஆனால் உயிர்கள் போயின. சோதனையில் பிழை இல்லை. அது கேட்காத கேள்விக்கும் அதனிடமே பதில் வாங்கினோம்.

வான்நோக்கி:
அக்கா, இதைத்தான் நான் சொல்லத் தவித்தேன். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்டும் இப்படித்தான். 1747இல் சாலிஸ்பரி கப்பலில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம், மருந்து மட்டும் வேறு. ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவரும் சட்டென்று தேறினார்கள். அழகான சோதனை. ஆனால் பழத்தில் எது குணப்படுத்துகிறது என்று அவருக்குத் தெரியாது. சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துச் சேமிக்கலாம் என்று பரிந்துரைத்தார். சூட்டில் வைட்டமின் சி வீணாகும். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். ஒப்பீடு மட்டும் போதாது, ஏன் என்ற புரிதலும் கூடவே வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
சரி, என் கடைசி வரியைத் திருத்திக்கொள்கிறேன். குலுக்க முடியாத இடத்தில், உலகமே குலுக்கிப் போட்டது மாதிரி ஒரு இடத்தைத் தேடலாம். லண்டனில் 1854இல் காலரா வந்தபோது மருத்துவர் ஜான் ஸ்னோ அதைத்தான் செய்தார். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் கொடுத்தன. ஒன்று அழுக்கான பகுதியில் தேம்ஸ் நீரை எடுத்தது, மற்றது அதற்கு முன்பே மேல்புறம் மாறியிருந்தது. 10,000 வீட்டுக்கு முதலாவதில் 315 சாவு, இரண்டாவதில் 37. யாருக்கு எந்தக் குழாய் என்பதில் பணமோ உடல்நலமோ பெரிதாகக் கலக்கவில்லை. இதைச் சோதனைக்குச் சமம் என்று ஏற்கிறேன்.

ஆனால் குலுக்க முடிகிற இடத்தில் குலுக்காமல் விடுவதற்கு இதையெல்லாம் சாக்காகச் சொல்லாதீர்கள். விதையைக் குலுக்க முடியும்.

வான்நோக்கி:
விதைக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் குலுக்கலை உச்சியில் வைத்துவிட்டு மற்றதை அதற்கு எவ்வளவு பக்கம் என்று அளக்கிறீர்கள். நெப்டியூன் அந்த ஏணியிலேயே இல்லை.

விதைக்காரன்:
முதலில் கொஞ்சம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு அந்த மிதந்த 5 விதையைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன்.

மறுபடி செய்கிறேன். மிதப்பது போக 120 விதை. எல்லாவற்றையும் முதலில் ஒரு நிமிடம் நீரில் போட்டு, மிதப்பதை இப்போதே நீக்கியாகிவிட்டது. அதற்குப் பின் குலுக்கி மூன்று பங்கு: வெதுவெதுப்பான நீரில் 6 மணி நேரம், சாதாரண நீரில் 6 மணி நேரம், ஊறலே இல்லை. ஒவ்வொரு பங்கையும் ஒரே தட்டில் போடாமல் 4 சின்னத் தட்டு, தட்டுக்கு 10 விதை. 12 தட்டையும் இடம் மாற்றி மாற்றி வைக்கச் சீட்டு எடுத்தேன். வேர் 2 மில்லிமீட்டர் வந்தால்தான் முளைத்தது என்று எழுதி வைத்துவிட்டேன், பிறகு மனசு மாறக் கூடாது என்று.

நட்டதும் நான் எண் ஒட்டியதும் என் தங்கை. எந்த எண் எந்த நீர் என்ற தாள் அவளிடம் ஒட்டிய உறையில் இருக்கிறது. எண்ணப்போவது நான்.

கணக்குப்பிள்ளை:
ஒரே ஒரு திருத்தம். "நட்டதும் நான் எண் ஒட்டியதும்" என்று இருக்கிறதே, நட்டது நீங்களா, தங்கையா? நீங்கள் என்றால் எந்தத் தட்டு எது என்று கைக்குத் தெரிந்திருக்கும். ஊறிய விதை உப்பியிருக்குமே.

விதைக்காரன்:
எழுத்துப் பிழை சார். நட்டது, எண் ஒட்டியது இரண்டும் அவள்தான். நான் அப்போது அறையிலேயே இல்லை. ஏழாம் நாள் எண்ணிவிட்டு எண்களை முதலில் இங்கே போடுகிறேன். உறையை அதற்கப்புறம் பிரிக்கிறேன்.