பள்ளிக்கு மண் சோதனை எந்திரம் வேண்டாம். உங்கள் காட்டில் ஐந்து சென்ட் நிலம் வேண்டும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, ஊரை விட்டு வெளியே வாழும் நம் சங்கத்தின் சார்பில் மண் சோதனை எந்திரம் ஒன்று வாங்கித் தரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, நான் மஸ்கட்டில் நீர்ச் சோதனைக் கூடமொன்றில் வேலை பார்ப்பவன் என்பதால் என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். ஆடி மாத விடுப்பில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு பதினொரு நாள் மண்ணைக் கிளறிப் பார்த்தேன்; பொங்கலுக்கு மறுபடியும் போனபோது அவர்கள் தாங்களாகச் செய்து வைத்திருந்ததையும் பார்த்தேன். இரண்டையும் பார்த்த பிறகு எழுதுகிறேன்: எந்திரம் வேண்டாம். அதற்குப் பதிலாக உங்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

எந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதனுள் மண்ணைப் போட்டால் எண் வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வேதிக் கரைசல் வேண்டும். அது தீர்ந்துபோகும், தீராவிட்டாலும் காலாவதியாகும். அறிவியல் ஆசிரியை என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க வாங்கிக் குடுக்கறது சரிங்க சார், மருந்து தீந்துபோனா அப்புறம் யாருங்க வாங்கறது?" திறப்பு விழாவுக்கு மறு ஆண்டே துணி போர்த்தி வைக்கப்பட்ட கருவிகளை நான் வேலை பார்த்த இடங்களிலும் கண்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, கையில் மண் ஒட்டும் வேலை முழுவதும் எந்திரத்துக்கு வெளியில், அதற்கு முன்பே, முடிந்துவிடுகிறது என்பதுதான்.

ஓர் ஏக்கரில் மேலாக உள்ள 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடை போட முடிந்தால் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ இருக்கும். சோதனைக்கு நாம் அனுப்புவது அரைக் கிலோ. அதிலிருந்து கார அமில நிலை (pH) பார்க்க எடுத்துக்கொள்வது 20 கிராம். ஆகவே அந்த 20 கிராம் எங்கிருந்து வந்தது என்பதில் பிழை நேர்ந்தால், உலகத்தின் மிகச் சிறந்த எந்திரமும் அந்தப் பிழையைத்தான் தசம புள்ளிகளோடு அச்சிட்டுக் கொடுக்கும். இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னேன், ஏறவில்லை. முதல் நாள் பையன்கள் நால்வர் ஓடிப் போய், பொழியோரம் (வரப்போரம்) வேப்பமரத்து நிழலில் சுகமாக உட்கார்ந்து தோண்டி, கறுத்த நல்ல மண்ணாகக் கொண்டுவந்து பெருமையோடு கொட்டினார்கள். அதே காட்டின் நடுவிலிருந்து பெண்பிள்ளைகள் கொண்டுவந்த மண் வெளிறிச் சிவந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காகிதத்தில் பரப்பி வைத்த பிறகுதான், மரத்தடி, பொழி, குப்பைமேடு, வாய்க்கால் ஓரம் ஆகியவற்றை ஏன் விலக்க வேண்டும் என்பது விளங்கியது. மறுநாளிலிருந்து ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் வளைந்து வளைந்து நடந்து, மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மம்பட்டியால் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி, அதன் ஒரு சரிவிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்தார்கள். பிறகு வட்டமாகப் பரப்பி நான்காகக் கோடு கிழித்து, எதிரெதிர் இரு பாகங்களைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி நான்காக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைத்தார்கள். உரச் சாக்கில் மண்ணைக் கட்டக் கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் நம் வீடுகளில் சாக்கு என்றாலே உரச் சாக்குதான்.

நான்கு மண்களைத் தேர்ந்துகொண்டோம். கீழ்பவானி வாய்க்காலில் பாயும் நெல் வயல் ஒன்று. வாய்க்காலுக்கு ஆகஸ்டில்தான் தண்ணீர் விடுவார்கள் என்பதால் அப்போது அது காய்ந்து கிடந்தது. கிணறும் போரும் சேர்ந்து பாயும் மஞ்சள் தோட்டம் ஒன்று. கிளுவை வேலி அடைத்து, வெள்வேல மரங்களுக்கடியில் கொழுக்கட்டைப் புல் வளர்ந்து, மாடும் செம்மறியும் மேய்கின்ற கொறங்காடு ஒன்று. நான்காவது, ஆழ்துளைத் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் பாய்ச்சி, இப்போது எதுவும் சரியாக முளைக்காமல் போட்டு வைத்திருக்கும் ஒரு துண்டு. அது யாருடையது என்பது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சோதனையின் முதல் நாளைக் கெடுத்தவன் நான்தான். பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று கலக்கி, தெளிந்த பிறகு பேனா போன்ற கையடக்க மீட்டரால் உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். நான்கு குவளைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. கொறங்காட்டு மண்ணில்கூட உப்பு! அடுத்து, காய்ந்த மண்கட்டி ஒவ்வொன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்கினோம். கெட்டுப்போன அந்தத் துண்டின் கட்டி கரைந்து தண்ணீரைக் கலக்கும் என்று நான் முன்கூட்டியே அறிவித்திருந்தேன். அது உதிர்ந்ததே தவிர, தண்ணீர் தெளிவாகவே நின்றது. பிள்ளைகள் மண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். இருபது ஆண்டு நீரைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன், பள்ளிக் குழாயில் வருவது போர் தண்ணீர் என்பதை மறந்திருக்கிறேன். வெறும் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தால் அதுவே அந்த எண்ணைக் காட்டியது. மாலையில் பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வந்து மறுநாள் மீண்டும் செய்தோம்.

இம்முறை கொறங்காட்டுக் கட்டி அடியில் உட்கார்ந்து, குமிழி விட்டு, வடிவம் கலையாமல் இருந்தது. நெல் வயல் கட்டி ஓரங்களில் உதிர்ந்தது. கெட்ட துண்டின் கட்டியைச் சுற்றிச் சில நிமிடங்களிலேயே புகைபோல ஒரு வளையம் எழுந்து, குவளை முழுவதும் பால் கலந்த தேநீர் நிறமாகி, மறுநாள் காலை வரை தெளியவில்லை. அந்த மண்ணில் சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. சுத்தமான நீரில் அத்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. காட்டிலும் இதுவே நடக்கிறது: மழைநீர் பட்டதும் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, மேலே தண்ணீர் தேங்கி, காய்ந்ததும் அப்பளம்போல ஓடு கட்டுகிறது. அந்தக் கலங்கிய குவளையில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கச் சொன்னேன். அதிலுள்ள கால்சியம் சேரச் சேரத் துகள்கள் திரள் திரளாகக் கூடிக் கீழே இறங்க, மேலிருந்து ஒரு விரற்கடை, இரு விரற்கடை என்று தண்ணீர் தெளியத் தொடங்கியது. முந்தைய நாள் போர் தண்ணீரில் கலங்காமல் இருந்ததற்கும் அதில் இருந்த உப்புகளே காரணம் என்று நான் சொல்வதற்கு முன்பே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொல்லிவிட்டாள். நான் செய்த பிழை அன்றைக்குப் பாடமாகிவிட்டது என்று ஆசிரியை ஆறுதல் சொன்னார்.

கார அமில நிலைக்கு மீட்டர் ஒன்று இருந்தாலும், அதற்கு முன் மஞ்சள் தாளைப் பயன்படுத்தினோம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கும் என்பது நம் வீட்டில் சிறு குழந்தைக்கும் தெரியும். மஞ்சள் கரைசலில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் தாள், pH 8.5-ஐத் தாண்டிய காரத்தில்தான் தெளிவாகச் சிவக்கத் தொடங்கும். களர் மண் என்று வேளாண்மைத் துறை பிரிக்கும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. நான்கு தாள்களில் ஒன்று மட்டும் செங்கல் நிறமானது. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, மஞ்சள் தோட்டத்து மண் சோடா போலப் பொங்கியது. சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த நம் பக்கத்து மண்ணில் இது வியப்பில்லை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது என்பதையும், கடலைச் செடியின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளுப்பது அதனால்தான் என்பதையும், அதற்கு யூரியாவை அள்ளிக் கொட்டாமல் அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) கரைத்துத் தெளிக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு போன பையன் ஒருவன், அன்று மாலையே தன் அப்பாருவிடம் (தாத்தாவிடம்) வாதாடி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மண்ணில் உயிர் இருக்கிறதா என்பதை எப்படிக் காட்டுவது? மக்கிய பொருள்களில் இருக்கும் அங்ககக் கார்பனை முறைப்படி அளக்க அடர் கந்தக அமிலமும் டைகுரோமேட்டும் வேண்டும். அவை பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல. வெளிநாடுகளில் உழவர்கள் பருத்தி உள்ளாடையைப் புதைத்துவைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் மூலம் கட்டிங் வேஸ்ட் துணி வந்தது. ஒரே அளவில் கத்தரித்து, எடை போட்டு, எண் எழுதி, நான்கு இடங்களிலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு நான் விமானம் ஏறினேன். புரட்டாசிக் கடைசியில் தோண்டினார்கள். கொறங்காட்டுத் துணி மீன்வலையாகியிருந்தது. நெல் வயலில் தையல் நூல் மட்டும் துணியின் வடிவத்தில் கிடந்தது. கெட்ட துண்டில் சலவை செய்தால் உடுத்தலாம் போல இருந்தது. எல்லா மண்ணிலும் ஓர் எண் துணி மட்டும் கொஞ்சமும் மக்காததால் சந்தேகப்பட்டு, ஓரத்தைத் தீயில் காட்டியிருக்கிறார்கள். உருகி மணியாகத் திரண்டது. பாலியெஸ்டர் கலந்த துணி. திரியைக் கொளுத்திப் பார்த்துப் பருத்தியா என்று கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பொங்கலுக்குப் போனபோது, அமிலமும் ஜிப்சமும் எனக்குத் தராத மகிழ்ச்சியை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் கேள்வி தந்தது. "சார், அந்தக் காட்டுக்குத் தண்ணியே பாயலீங்களே. மண்ணு கெட்டதுனால மக்கலீங்களா, ஈரமில்லாததுனால மக்கலீங்களா?" இதற்கு என்னிடம் விடை இல்லை என்று சொன்னேன். ஆசிரியையின் யோசனைப்படி நான்கு மண்ணையும் பூந்தொட்டிகளில் நிரப்பி, பள்ளித் தாழ்வாரத்தில் ஒரே நிழலில் வைத்து, தினமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிவந்தார்கள். பங்குனியில் தோண்டிப் பார்த்தபோது வேறுபாடு இருந்தது. ஆனால் காட்டில் கண்ட அளவுக்கு இல்லை. ஆக, பையனின் சந்தேகம் பாதி சரி. அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கியது. 12 அளவுகள் தருகிறது. பலருடைய அட்டை ரேஷன் கார்டோடு பெட்டியில் இருக்கிறது. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் அது எடுக்கப்பட்டதால், உங்கள் அட்டையில் உள்ள எண் பக்கத்துத் தோட்டத்து மண்ணுடையதாகவும் இருக்கலாம். பிள்ளைகள் முறையாக எடுத்த மாதிரியை ஆண்டுக்கொரு முறை அரசு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, அங்கே வரும் எண்ணையும் தாங்கள் கண்டதையும் ஒப்பிடட்டும். சங்கம் செலவழிக்க வேண்டியது அதற்கான கட்டணம், தண்ணீர் கேன், குவளைகள், ஆண்டுக்கொரு மீட்டர் ஆகியவற்றுக்குத்தான்.

இனி நான் கேட்க வந்தது. முதல் நாள் பிள்ளைகளிடம், "அவரவர் காட்டு மண்ணைக் கொண்டுவாருங்கள்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். விசைத்தறிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து வந்து தேங்காய்க் களத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். ஒருத்தி மட்டும், வாசலில் பெயின்ட் வாளியில் வைத்திருந்த துளசிச் செடியின் மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நாம் படித்த காலத்தில் வகுப்பில் எல்லாருக்கும் காடு இருந்தது என்பதல்ல; ஆனால் காட்டுக்குள் போக யாரும் கேட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது ஊரின் நல்ல நிலத்தில் பெரும்பகுதி நம் பெயரில் இருக்கிறது, நாம் இங்கே இருக்கிறோம், குத்தகைக்காரர் உழுகிறார், கேட் பூட்டியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொருவரும் உங்கள் நிலத்தில் ஐந்து சென்ட் அளவுக்கு ஒரு கட்டத்தை, நான்கு மூலையிலும் கல் நட்டு, ஐந்தாண்டுகளுக்குப் பள்ளிக்கு விட வேண்டுகிறேன். பயிரையோ பண்ணையத்தையோ மாற்றச் சொல்லவில்லை. ஆடியிலும் தையிலும் பிள்ளைகள் ஆசிரியையோடு வந்து, அதே இடத்தில் மண் எடுத்து, துணி புதைத்து, எழுதிக்கொண்டு போவார்கள். ஒரே முறை பார்த்த மண் எதையும் சொல்வதில்லை. கோவை வேளாண் கல்லூரி வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல் இன்றும் அதே இடத்தில் நடப்பதற்குக் காரணமும் அதுதான். கட்டம் தர விரும்புகிறவர்கள் முதலில் உங்கள் குத்தகைக்காரரிடம் பேசி, அவர் சம்மதித்த பிறகு காட்டின் பெயரைப் பொருளாளருக்குத் தெரிவியுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

எங்கள் தோட்டத்தின் மேற்குக் கட்டத்தை ஏற்கெனவே விட்டுவிட்டேன். அங்கே உழுகிற மாமா ஒரே நிபந்தனைதான் போட்டார்: தோண்டிய குழியை மூடிவிட்டுப் போக வேண்டும், மாடு கால் விட்டுவிடும்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்களில் ஒருவன்