ரெஸ்ட்ரிக்டட் ஷெல்: 'வரம்புறு ஷெல்' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். என் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரெஸ்ட்ரிக்டட் ஷெல் பற்றிய பயிற்சிக்கு மட்டும் இன்னும் தமிழ்த் தலைப்பு அமையவில்லை. ஷெல் என்பது பயனர் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்; அவர் எந்தெந்தக் கட்டளைகளை இயக்கலாம் என்று வரையறுப்பது ரெஸ்ட்ரிக்டட் ஷெல்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாஷ் (bash) என்னும் ஷெல்லை ஆர்பாஷ் (rbash) என்ற பெயரில் தொடங்கினால், பயனர் சிடி (cd) என்ற கட்டளை கொடுத்து அடைவு, அதாவது கோப்புறை, மாற முடியாது; கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று குறிக்கும் பாத் (PATH) மாறியைத் திருத்தவோ, சாய்கோடு கலந்த கட்டளைப் பெயரை இடவோ, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பவோ முடியாது. நிர்வாகி பாத்தில் காட்டிய அடைவில் இருக்கும் நிரல்களும் ஷெல்லின் உள்ளமைந்த கட்டளைகளுமே அவருக்குக் கிடைக்கும்.

'சிறைக்கூடு' என்று முன்மொழியப்பட்ட சொல் செவிக்கு இனியது. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 2000ஆம் ஆண்டு முதல், நிரல்களைத் தனிமைப்படுத்த ஜெயில் என்றே தனி வசதி உண்டு. சிறையை அதற்கு விட்டுவைப்பதே முறை. 'கட்டுப்படுத்தப்பட்ட ஓடு' என்பதில் முதற்சொல்லே பன்னிரண்டு எழுத்து. அடுத்து வரும் 'ஓடு' பெயரா ஏவலா என்று மாணவர் தயங்குவர்.

'கட்டளை' என்ற சொல்லுக்குள்ளேயே வரம்பு இருக்கிறது என்பதை ஒருவரும் சுட்டவில்லை. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்றே பெயர். கட்டளைக் கலித்துறை என்னும் பாவகையில், ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்குவதற்கு 17. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பா பிழையாகிவிடும். ஆகவே ஷெல்லை உறை என்று கொண்டு 'கட்டளையுறை' என்று சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். எனினும் இன்றைய வகுப்பறையில் கட்டளை என்றால் கமாண்ட் மட்டுமே. எல்லா ஷெல்லும் கட்டளை ஏற்பதுதான். மனமின்றிக் கைவிடுகிறேன்.

என் பரிந்துரை 'வரம்புறு ஷெல்'. வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும். அதைவிட முக்கியமான காரணம் வயல் வரம்பு. வரம்பு நீரைத் தேக்கும். ஆனால் ஒரு நண்டு வளை போதும், விடிவதற்குள் வயல் வடிந்துவிடும். ரெஸ்ட்ரிக்டட் ஷெல்லும் அப்படித்தான்: அனுமதித்த அடைவில் விஐ (vi) என்னும் உரைத் தொகுப்பானை வைத்துவிட்டால், அதற்குள் ஷெல் அமைப்பை மாற்றிக்கொண்டு பயனர் முழுச் சுதந்திரத்துடன் வெளியேறிவிடலாம். 'பூட்டு', 'சிறை' என்ற சொற்கள் தராத காவலைத் தருவதாகக் காட்டும். நாளை வழங்கி (சர்வர்) நிர்வாகிகளாகப் போகும் பிள்ளைகளிடம் கலைச்சொல்லே பொய் சொல்லக் கூடாது.

ஷகரம் கிரந்தம் ஆயிற்றே, 'வரம்புறை' போதுமே என்று நம் குழுவில் ஐயா எழுப்பிய மறுப்பை மதிக்கிறேன். ஆனால் அது வரம்பில் உறைவதா, வரம்பாகிய உறையா என்று பிரிக்கவே ஒரு பாடவேளை வேண்டும். கணினியில் மாணவர் தேடப்போவதும் ஷெல் என்ற பெயரைத்தான்.

இதுவரை நால்வர் 'வரம்புறு ஷெல்' என்றும் இருவர் 'வரம்புறை' என்றும் எழுதியுள்ளீர்கள். வியாழன் மாலைக்குள் வேறு சொல் வராவிட்டால் முன்னதைத் தலைப்பிலும், பின்னதை அருஞ்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாகவும் அச்சிடுகிறேன்.