'தட்' எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது? ஆபீஸ் மெயிலில் குழப்பம்

தட்டுத்தடுமாறி:
வணக்கம். எனக்கு வேலை முழுக்க ஆங்கில மெயில்தான். டைப் பண்ணும்போதே பிழை பார்க்கிற ஒரு மென்பொருள் கூடவே ஓடும். 'தி ஃபைல் தட் யூ சென்ட் இஸ் எம்ப்ட்டி' என்று எழுதினால் 'தட்' வேண்டாம், எடுத்துவிடு என்கிறது. சரி, எடுத்தாச்சு. அடுத்த மெயிலில் அதே நினைப்பில் 'தி ஃபைல் கேம் யெஸ்டர்டே இஸ் எம்ப்ட்டி' என்று அடித்தால் சிவப்புக் கோடு! இதுவும் ஃபைல்தான், இங்கே போனதும் அதே 'தட்'தான். பள்ளியில் ரிலேட்டிவ் ப்ரொனவுன் என்று ஹூ, விச், தட் பட்டியலை ஒப்பித்ததோடு சரி. யாராவது காரணம் சொல்லுங்களேன்.

நைட்ஷிஃப்ட்:
ஆளைச் சொல்லும்போது 'ஹூ' கட்டாயம் ப்ரோ. பொருள்னா எடுத்துடலாம். எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க.

பழைய வாத்தியார்:
அது சரியில்லை தம்பி. 'தி கேர்ள் ஐ மெட்' என்பதில் வருவது ஆள்தான், 'ஹூ' இல்லாமலே சரி. கேட்டவருடைய இரண்டு வாக்கியத்திலும் இருப்பது பொருள்தான், அதில் ஒன்று தப்பு. ஆளா பொருளா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

'தட்'டுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். 'தட் யூ சென்ட்' என்றால் அனுப்பியவர் நீங்கள். எழுவாய் அங்கேயே இருக்கிறது. 'தட்' செயப்படுபொருள், எடுத்தாலும் நஷ்டமில்லை. 'தட் கேம்' என்பதில் வந்தது எது? அந்த 'தட்'தான் எழுவாய். அதைத் தூக்கிவிட்டால் படிப்பவர் 'தி ஃபைல் கேம் யெஸ்டர்டே' என்று முழு வாக்கியமாகவே படித்து முடித்துவிடுவார். அப்புறம் 'இஸ் எம்ப்ட்டி' வந்ததும் முழிப்பார்.

அவசரத்துக்கு ஒரு சோதனை: அடுத்து வருவது பெயரோ, ஐ, யூ, ஹி, வி போன்ற சொல்லோ என்றால் எடுக்கலாம். நேரே வினைச்சொல் வந்தால் கை வைக்காதீர்கள்.

நாம் இதில் சறுக்குவதற்கு நம் பெயரெச்சமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'நீங்கள் அனுப்பிய ஃபைல்', 'நேற்று வந்த ஃபைல்' இரண்டிலும் 'தட்' மாதிரி எதுவுமே இல்லையே.

தட்டுத்தடுமாறி:
இப்போ புரியுது சார். பழைய மெயில்களில் வைத்துப் பார்த்தேன், சிலது உதைக்கிறது. 'தி ரிப்போர்ட், விச் ஐ சென்ட் ஆன் மண்டே, ஹேஸ் எரர்ஸ்'. இதில் 'ஐ' இருந்தும் 'விச்'சை எடுக்க விடவில்லை. 'தி கிளையன்ட் டு ஹூம் வி ஸ்போக்' என்பதிலும் அதே கதை. 'ஐ ஹோப் தட் யூ ஆர் வெல்' என்பதில் மட்டும் எடுக்கலாமாம்.

பழைய வாத்தியார்:
ரிப்போர்ட் வாக்கியத்தில் கமாவைப் பாருங்கள். கமாவுக்குள் இருப்பது கூடுதல் தகவல், எந்த ரிப்போர்ட் என்று அடையாளம் காட்டுவதல்ல. அங்கே எதையும் எடுக்க முடியாது, நான் சொன்ன சோதனையும் செல்லாது.

'டு' முன்னால் நிற்கிற வரைக்கும் 'ஹூம்' நகராது. 'டு'வைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: 'தி கிளையன்ட் வி ஸ்போக் டு'. வாக்கியத்தை டு, இன், ஃபார் என்று முடிக்கக் கூடாது என்று சிலர் மிரட்டுவார்கள். அந்த மிரட்டலுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. ஆங்கிலத்தில் அப்படி முடிப்பது பழங்காலத்திலிருந்து இருக்கிற வழக்கு.

கடைசியில் கேட்டது ரிலேட்டிவ் ப்ரொனவுனே இல்லை. அதற்கு முன்னால் பெயர்ச்சொல் இல்லை பாருங்கள். நம் 'என்று' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. ஹோப், திங்க், நோ ('தெரியும்' என்கிற நோ), சே இவற்றுக்குப் பின்னால் தாராளமாக எடுக்கலாம்.

கோடம்பாக்கம் குருவி:
சார், 'தி மேன் ஐ தாட் வாஸ் தி மேனேஜர்' என்று எழுதுகிறார்களே? 'வாஸ்'க்கு எழுவாய் அந்த 'ஹூ'தானே? அதை எப்படி எடுத்தார்கள்?

பழைய வாத்தியார்:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். எழுவாய் என்றால் எடுக்கக் கூடாது என்ற விளக்கம் இங்கே இடறும்தான். ஆனால் அடுத்த சொல் சோதனை இங்கேயும் நிற்கும். நடுவில் 'ஐ தாட்' நுழைந்துவிட்டதால் 'ஹூ'வுக்கு அடுத்து வருவது 'ஐ'. அதனால் எடுக்கலாம். போடுவதானால் 'ஹூ'தான் போட வேண்டும். 'ஐ'யைப் பார்த்துவிட்டு 'ஹூம்' போடுகிறவர்கள் நிறைய.

நைட்ஷிஃப்ட்:
அப்போ 'தி பீப்பிள் வொர்க்கிங் ஹியர்'? அதுல எழுவாய் 'ஹூ'வையே தூக்கியிருக்காங்களே.

பழைய வாத்தியார்:
தனியாகத் தூக்கவில்லை, 'ஹூ ஆர்' சேர்ந்தே போயிருக்கிறது. 'ஹூ'வை மட்டும் எடுத்தால் 'தி பீப்பிள் ஆர் வொர்க்கிங் ஹியர்' என்று தனி வாக்கியம் ஆகிவிடும். இதே வழியில் 'தி ஃபைல் சென்ட் யெஸ்டர்டே இஸ் எம்ப்ட்டி' என்றும் எழுதலாம். போனது 'தட் வாஸ்'. 'யாருடைய' என்ற பொருளில் வருகிற 'ஹூஸ்' மட்டும் எந்தக் காலத்திலும் போகாது.

தட்டுத்தடுமாறி:
கடைசியா ஒன்று சார். எடுக்கலாம் என்கிற இடத்தில் எல்லாம் எடுத்தே ஆகணுமா?

பழைய வாத்தியார்:
கட்டாயமில்லை. மென்பொருளுக்குச் சுருக்கம் பிடிக்கும், அவ்வளவுதான். சின்ன வாக்கியத்தில் எடுங்கள். 'தி ஃபைல் இன் தி ஷேர்ட் ஃபோல்டர் தட் தி ஆடிட்டர் ஆஸ்க்ட் ஃபார்' மாதிரி பெயர் ஒரு பக்கம், 'தட்' ஒரு பக்கம் தள்ளி நின்றால் அது இருக்கட்டும். ஆடிட்டர் கேட்டது ஃபைலையா ஃபோல்டரையா என்ற குழப்பம் 'தட்' போட்டாலும் தீராது என்பது வேறு விஷயம். அதற்கு வாக்கியத்தையே உடைத்து இரண்டாக எழுத வேண்டும்.