முதல் முறை கடலுக்குள் இறங்கும் முன்

தூத்துக்குடியிலிருந்து

என் தாத்தா சங்கு குளித்தவர். கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரே மூச்சில் சேகரித்துக்கொண்டு மேலே வருவார். மூச்சை அடக்கத் தெரிந்தவனுக்குத்தான் கடலில் சோறு என்ற பேச்சைக் கேட்டே நான் வளர்ந்தேன். காற்றடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து மூழ்கும் ஸ்கூபா பயிற்சிக்கு அந்தமான் ஹேவ்லாக் தீவில் சேர்ந்த முதல் நாள், பயிற்றுநர் சொன்ன முதல் விதி அதற்கு நேர் எதிராக இருந்தது: நீருக்குள் ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே.

அன்று இரவு முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தாத்தா கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கினார். அது ஆழத்தில் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். நாம் அப்படியில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. சிலிண்டர் தருவதும் அந்த அழுத்தத்துக்கு ஈடான காற்று. அதை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துபோகும். ஆழம் குறைந்த இடத்தில்தான் இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கிறது என்பதால், நீச்சல் குளத்தில்கூட இந்த விதிக்கு விலக்கு இல்லை.

எனவே புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு மீண்டும் பொருத்தும் பயிற்சி வரும். அந்தச் சில நொடிகளில் நம்மை அறியாமல் மூச்சை அடக்குவோம். உதட்டைக் குவித்துச் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு இது மூன்று நாள் பிடித்தது. ரத்தத்தில் ஊறியதை மறக்க வேண்டியிருந்தது.

பயிற்சிக்குப் பின் கடலில் நான்கு முக்குளிப்புகள். முதல் இரண்டில் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, அடுத்த இரண்டில் 18 மீட்டர். இவை தவிர 200 மீட்டர் நீச்சலும், பத்து நிமிடம் மிதப்பதும் உண்டு. நீச்சலில் வேகம் பார்ப்பதில்லை, நிற்காமல் முடித்தால் போதும். ஊரிலேயே ஒரு மாதம் பழகிவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து

அண்ணன் மூச்சைப் பற்றி எழுதிவிட்டார். நான் காதைப் பற்றி எழுதுகிறேன்.

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையிலிருந்து தியோமான் தீவுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். இறங்கும்போது அழுத்தத்தால் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அதைத் திறக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது என்பதில்தான் தவறு செய்கிறோம். வலி வந்த பிறகு ஊதினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நீர் தலைக்கு மேல் போன உடனே தொடங்கி, முழம் முழமாக இறங்கும்போதெல்லாம் ஊத வேண்டும். திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். முக்கி ஊதவே கூடாது. தலை மேலும் கால் கீழுமாக, கயிற்றைப் பிடித்து இறங்கினால் எளிது.

மூன்றாம் நாள் எனக்குச் சளி பிடித்தது. "ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குங்கள், பணம் வீணாகிவிடும்" என்றார்கள் அங்கே. எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. மாத்திரையின் வேகம் நீருக்குள் இருக்கும்போதே தீர்ந்துவிட்டால், உள்ளே அடைபட்ட காற்று மேலே வரும்போது வெளியேற வழியிருக்காது. இறங்க மறுத்தேன். பணம் போனது. இரண்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில் மீதியை முடித்தேன். சளி பிடித்த ஒருவரைக் கடலில் இறங்கச் சொல்லும் இடத்தில் கற்காதீர்கள். ஆழத்தில் உடலில் கரைந்த வாயு வெளியேற நேரம் வேண்டும் என்பதால், ஊர் திரும்ப விமானம் ஏறுபவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் பயணத்துக்கும் நடுவே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பல நாள் முக்குளித்தவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரம் என்று சொல்லித் தருகிறார்கள்.

சென்னையிலிருந்து

எனக்குப் பயம் முழுவதும் முகக்கண்ணாடியில்தான் இருந்தது. அதைக் கழற்றி, நீருக்குள்ளேயே மறுபடி மாட்டி, மூக்கு வழியாக ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். குளத்தில் இரண்டு முறை பதறிப்போய் எழுந்துவிட்டேன். மூக்கில் தண்ணீர் பட்டதும் மூச்சு நின்றுபோகிறது. பிறகு வீட்டில் ஒரு பெரிய வாளியில் நீர் நிரப்பி, கண்ணாடி இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்க்கல் குழாய் வழியாக வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகினேன். பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் அந்தப் பதற்றம் போய்விட்டது.

கண்ணில் பவர் உள்ளவர்கள் முன்பே கேட்டால், பவர் கண்ணாடி பொருத்திய முகக்கண்ணாடி கிடைக்கும். நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கோமாளி மீனை முதலில் பார்த்தபோது உள்ளங்கை அளவு என்றே நினைத்தேன்.

மட்டக்களப்பிலிருந்து

எங்கள் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் முக்குளிக்கவே வந்தேன். அது 50 மீட்டருக்கும் கீழே. புதியவர்களின் எல்லை 18. அதற்கான அனுபவம் சேர ஆண்டுகள் ஆகும் என்று பயிற்றுநர் சொன்னபோது நெஞ்சு கனத்தது. ஆனால் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் என் இரண்டாவது முக்குளிப்பிலேயே கருநுனிச் சுறா ஒன்று பக்கத்தால் போனது. அந்த மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்தினேன். நீருக்குள் அதற்கு "மேலே போவோம்" என்று பொருள். பயிற்றுநர் உடனே ஏறத் தொடங்கிவிட்டார். நலம் என்றால் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். சைகைகளைக் கரையிலேயே கை தானாகச் செய்யும் வரை பழகுங்கள்.

மீண்டும் தூத்துக்குடியிலிருந்து

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் ஊரில் இப்போது கம்ப்ரசர் குழாய் வழியாக மூச்செடுத்துச் சங்கு குளிக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல் அழுத்தக் காற்றைத்தான் இழுக்கிறார்கள், ஆனால் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. என் சித்தப்பாவுக்குத் தோள்மூட்டில் தீராத வலி. உடலில் கரைந்த வாயு, வேகமாக ஏறினால் குமிழியாகி மூட்டில் வலி தரும். அது மெல்ல வெளியேற, மேலே வரும் முன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதைப் பற்றி அவரிடம் விளக்கினேன். அவர் நாள் முழுவதும் கீழே வேலை செய்பவர், மூன்று நிமிடம் அவருக்குப் போதாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வள்ளத்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, அந்த ஐந்து மீட்டரை அளந்து ஒரு முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.